அண்ணி அடித்த டார்ச்

என் தாடையில் முடி முளைக்கும். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். நடுவில் சிரித்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

பூனை முடியாக இருந்தால் நான் ஏன் பேசப்போகிறேன்? பன்னிரண்டு, பதினைந்து முடிகள். கறுப்பாக, முரடாக, தாடைக்கு அடியில் கழுத்து தொடங்குகிற இடத்தில். உடம்பில் ஏதோ ஒன்று கூடக்குறையச் சுரந்தால் இப்படி ஆகுமாம். நிறையப் பெண்களுக்கு இருக்கிறதாம். அந்த நிறையப் பெண்களில் ஒருத்திகூட இதுவரை என் கண்ணில் பட்டதில்லை. முளைத்தால் பிடுங்குவேன். பிடுங்கினால் அடுத்த முறை அது நேராக வெளியே வராது, வழி தெரியாமல் தோலுக்குள்ளேயே சுருண்டுகொள்ளும். அந்த இடம் சிவந்து வீங்கி, நாலு நாளில் சீழும் கோத்துக்கொள்ளும். தலையணையில் பட்டால் உயிர் போகும்.

நான் வேலை செய்வது ஒரு பல் மருத்துவமனையில். டாக்டரம்மா கை நீட்டினால் எந்தக் கருவி வேண்டும் என்று கேட்காமலே எடுத்துக் கொடுப்பவள், நோயாளியின் வாயிலிருந்து எச்சிலை உறிஞ்சும் குழாயைப் பிடிப்பவள், பயந்து அழுகிறவர்களின் கையைப் பிடிப்பவள், எல்லாம் நான்தான். எட்டு வருஷமாகக் காலை ஒன்பது மணிக்கு மாஸ்க்கை மாட்டினால் மாலை ஆறு மணிக்குத்தான் கழற்றுவேன். மதியச் சாப்பாட்டைக்கூட, கருவிகளை நீராவியில் வேகவைக்கிற சின்ன அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன். மற்றவர்கள் என்னைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்தார்கள். நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். தாடிக்காரி என்பதைவிடத் திமிர் பிடித்தவள் எவ்வளவோ தேவலை.

அப்படி இருக்கும்போதுதான் டாக்டரம்மா ஒருநாள் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

“கவுண்டர்ல இருக்கற அக்கா அஞ்சு மாசத்துல கெளம்பறாங்க. அவங்க வீட்டுக்காரருக்கு மாத்தல். அந்த எடம் உனக்குத்தான்.”

“எனக்கா டாக்டர்?”

“ஏன், வேணாமா? உள்ள நடக்கற எல்லா வேலையும் தெரிஞ்ச ஆளு முன்னாடி உக்காந்திருந்தா வர்றவங்களுக்குத் தைரியம். ஒண்ணே ஒண்ணு, அங்க மாஸ்க் கெடையாது. சிரிச்ச முகமா இருக்கணும். பல் ஆஸ்பத்திரில முன்னாடி இருக்கறவளே மூஞ்சிய மூடிக்கிட்டா, வர்றவன் அப்படியே திரும்பி ஓடிடுவான்.”

எட்டு வருஷம் நின்று நின்று என் இடுப்பு என்னுடையதாகவே இல்லை. கவுண்டரில் சுழலும் நாற்காலி. பக்கத்தில் ஜன்னல். நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடலாம். அந்த நாற்காலி எனக்கு வேண்டும். வாழ்க்கையில் எதையும் அவ்வளவு வெறியோடு நான் ஆசைப்பட்டதில்லை. சரி என்று தலையை ஆட்டிவிட்டு, அன்று சாயங்காலம் நேராக அண்ணியிடம் ஓடினேன்.

அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி. அப்பா அம்மா போன பிறகு அண்ணன் வீடுதான் என் வீடு. நாத்தனாரும் அண்ணியும் என்றாலே கீரியும் பாம்பும் என்று எல்லாரும் நினைப்பார்கள். நாங்கள் நகமும் சதையும். என்னைக் கேலி செய்யும்போது “என்ன நாத்தனாரே” என்பார், பாசம் பொங்கினால் “ஏன்டி” என்பார். கல்யாணத்துக்கு முன்னால் அவர் ஏழு வருஷம் பியூட்டி பார்லரில் வேலை பார்த்தவர். குழந்தை பிறந்ததும் விட்டுவிட்டார். அதாவது, விடவைத்தார்கள். என் தாடை விஷயம் இந்த உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அண்ணனுக்குக்கூடத் தெரியாது; வீட்டில் துப்பட்டாவைத் தாடைவரை இழுத்துச் சுற்றிக்கொண்டுதான் நடமாடுவேன்.

“அஞ்சு மாசத்துல சரி பண்ணிடுவீங்களா அண்ணி?”

என் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். “என்ன விட்டா வேற யாரு பண்ணுவா? ஒழுங்கா நான் சொல்றத மட்டும் கேளு. போன்ல அதயும் இதயும் தேடிப் பாத்து உன் வைத்தியத்த ஆரம்பிச்சே, கொன்னுடுவேன்.”

தேடவே இல்லை. வீட்டில் ஏழு வருஷ அனுபவம் உட்கார்ந்திருக்கும்போது நான் ஏன் போனில் தேட வேண்டும்? அவ்வளவு நம்பிக்கை. இப்போது நினைத்தால் என்னையே நாலு அறை அறையலாம் போல இருக்கிறது.

ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு மதியம் எங்கள் நேரம். அண்ணன் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான். அண்ணி தன் அறைக் கட்டிலில் ஒரு பழைய துண்டை விரிப்பார். நான் தலையைப் பின்னால் சாய்த்துப் படுப்பேன். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைத் தாடையில் வைப்பார். ஆஹா, அந்தச் சூட்டுக்கே பாதி வலி போய்விடும். பிறகு மெல்லிய துணியால் வட்டமாகத் தேய்ப்பார். அதெல்லாம் முடிந்ததும் வேக்ஸ். சூடான மெழுகைத் தடவி, மேலே துணியை ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, சர்ரென்று ஒரே இழுப்பு.

“அடி வேரோட வந்துடும். நாலஞ்சு தடவ இப்படி எடுத்தா அப்புறம் மொளைக்கறத அதுவே மறந்துடும்,” என்பார்.

வெளிச்சம் போதவில்லை என்று தன் போனில் டார்ச்சைப் போட்டு, தண்ணீர் ஜக்கில் சாய்த்து, என் தாடையைப் பார்த்து நிறுத்திவைப்பார். சில நேரம் கையில் எடுத்துப் படமும் எடுப்பார். “போன தடவைக்கும் இப்பவும் என்ன வித்தியாசம்னு பாக்கணும்ல? பாத்துட்டு அழிச்சுடுவேன், பயப்படாத.” நான் எதற்குப் பயப்படப்போகிறேன்? என் அண்ணி எனக்கு டார்ச் அடிக்கிறார், அவ்வளவுதான்.

வேக்ஸ் செய்த முதல் வாரம் தாடை பளபளவென்று இருக்கும். கண்ணாடி முன்னால் நின்று கவுண்டரில் எப்படிச் சிரிப்பது என்று பழகிப் பார்ப்பேன். இரண்டாம் வாரம் ஒவ்வொன்றாகக் கிளம்பும். முதலில் அரிப்பு, பிறகு சிவப்பு, பிறகு கொப்புளம். மாஸ்க்குக்குள் வேர்த்து வேர்த்து இன்னும் மோசமாகும். அடுத்த ஞாயிறு அண்ணி பார்த்து உச்சுக் கொட்டுவார். மறுபடி வெந்நீர், மறுபடி டார்ச், மறுபடி சர்ர். முன்பு ஒரே சமயத்தில் இரண்டு மூன்று கொப்புளம் இருந்தது, மூன்று மாதத்தில் ஒன்பதாக ஆனது.

“கொறயவே மாட்டேங்குதே அண்ணி.”

“உன் தோல் அப்படி. நான் என்னடி பண்றது? பொறு.”

பொறுத்தேன். டாக்டரம்மா பொறுக்கவில்லை. “இன்னும் ஆறு வாரந்தான் இருக்கு. தெனமும் மதியம் ஒரு மணி நேரம் கவுண்டர்ல உக்காந்து பழகுன்னா, நாளைக்கு நாளைக்குங்கறே. உனக்கு இஷ்டம் இல்லன்னா சொல்லிடு, புதுசா வந்த பொண்ண உக்கார வெக்கறேன்” என்றார். நான் மாஸ்க்குக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு, இஷ்டம்தான் டாக்டர் என்றேன்.

அவர் அதைச் சொன்ன மூன்றாம் நாள், கடைவாய்ப்பல் எடுக்க ஒரு பெண்மணி வந்தார். வங்கியில் வேலை பார்க்கிறவர், நல்ல கலகலப்பு. டாக்டரம்மா மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுப் பக்கத்து அறைக்குப் போனார். ஊசி வேலை செய்யப் பத்து நிமிஷம் ஆகும். அதுவரை நான் அவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அவர் சும்மா இருக்க முடியாமல் போனை எடுத்து வீடியோ பார்க்கத் தொடங்கினார். சத்தத்தையும் குறைக்கவில்லை.

“ஸ்ஸ்… மெல்ல அண்ணி! உயிர் போகுது!”

என் குரல்.

முதலில் நானே வாய்விட்டுப் பேசிவிட்டேனோ என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தேன். அந்தச் சின்னத் திரை முழுக்க ஒரு தாடை, அதன் மேல் வட்டமாகத் தேய்க்கிற ஒரு துணி. டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு கொப்புளமும் கோலிக்குண்டு அளவுக்குத் தெரிந்தது. உதட்டுக்குக் கீழே, ஆறு வயதில் கட்டிலிலிருந்து விழுந்து வாங்கிய தழும்பும் தெரிந்தது. அது என் தாடை.

அந்தப் பெண்மணி ஒரு பக்கம் கோணிப்போன வாயோடு என்னிடம் சொன்னார். “பாவங்க இந்தப் பொண்ணு. நான் முதல்லேருந்து பாத்துட்டு வரேன். அந்த மேடம் எவ்வளவு சொல்லியும் கேக்காம மறுபடி மறுபடி போய் வேக்ஸ் பண்ணிக்கிட்டு வந்து நிக்குது. சில ஜென்மங்கள் பட்டாலும் திருந்தாது, இல்ல?”

என் கையில் எச்சில் உறிஞ்சும் குழாய் இருந்தது. ஒன்றுமில்லாத காற்றை உறிஞ்சி உஸ்ஸென்று கத்திக்கொண்டிருந்தது. “ஆமாம்மா” என்றேன். அதைத் தவிர என்ன சொல்வேன்?

“உங்களுக்கும் மூஞ்சில இந்த மாதிரி பரு கிரு இருந்தா பாருங்க. நல்லா சொல்லித் தராங்க,” என்று அந்த சேனலின் பெயரையும் காட்டினார். பல்லை எடுத்து முடிகிறவரை நான் எப்படி நின்றேன் என்று எனக்கே தெரியாது. டாக்டரம்மா இரண்டு முறை பஞ்சு கேட்டார், நான் இரண்டு முறையும் கத்தரியைக் கொடுத்தேன்.

மதியம் அந்தச் சின்ன அறையில் சாப்பாட்டைத் திறக்காமலே உட்கார்ந்து பார்த்தேன். மொத்தம் ஏழு வீடியோ. ஏழு ஞாயிற்றுக்கிழமை. முகம் முழுசாக எதிலும் இல்லை, உதடு வரைக்கும்தான். பேசுவது அண்ணி. அவ்வளவு அழகாக, நிதானமாக, கணீரென்று பேசுகிறார். எனக்கே பெருமையாக இருந்தது என்றால் நம்புவீர்களா? ஒரு நிமிஷம்தான். பிறகு என்ன சொல்கிறார் என்பது காதில் ஏறியது.

“மொதல்ல முடி எடுக்கறத நிறுத்துங்க. வேக்ஸ் கூடாது, த்ரெட்டிங் கூடாது, பிளக்கர் வெச்சுப் பிடுங்கவும் கூடாது. வேரோட இழுத்தா பாதி முடி உள்ளயே ஒடஞ்சு, பக்கவாட்டுல வளர ஆரம்பிச்சுடும். ரெண்டு மாசம் தோல சும்மா விடுங்க. காலையும் சாயங்காலமும் பத்து நிமிஷம் வெதுவெதுப்பான துணி. அப்புறம் மெல்லிசான துணியால வட்டமா, அழுத்தாம. ஊசி வெச்சு நோண்டவே நோண்டாதீங்க. வெளிய தெரியற முடிய மட்டும் சின்னக் கத்தரியால மேலாப்புல வெட்டுங்க, ஒட்ட வெட்டாதீங்க. சீழ் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ நேரா டாக்டர்கிட்ட போங்க.”

மறுபடி ஓட்டிக் கேட்டேன். வேக்ஸ் கூடாது. இன்னொரு முறை. வேக்ஸ் கூடாது.

அடுத்த வீடியோவில், “பாருங்க, சொன்னா கேட்டாத்தானே? மறுபடி வேக்ஸ் பண்ணிட்டு வந்திருக்கா. இப்ப ஏழு எடத்துல வீங்கிருக்கு” என்கிறார். நான் போய்ச் செய்துகொண்டு வந்தேனாம். மெழுகைச் சுட வைத்தது யார், தடவியது யார், மூச்சைப் பிடித்துக்கோ என்று சொல்லி இழுத்தது யார்? அந்தப் பகுதியை மட்டும் ஒவ்வொரு வீடியோவிலும் கவனமாக வெட்டியிருந்தார். கீழே நூறு பேர் எழுதியிருந்தார்கள். ‘மேடம் நீங்க தெய்வம்.’ ‘மேடம் அந்த மண்டக் கனம் புடிச்சவள வெளிய அனுப்புங்க.’ ஒருவன், ‘பொம்பளைக்கே தாடின்னா நாங்க எதுக்கு இருக்கோம்?’ என்று எழுதியிருந்தான். அதற்கு அண்ணி ஒரு சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார்.

படம் எடுத்ததைக்கூட மன்னித்திருப்பேன், சத்தியமாக. அந்தச் சிரிக்கிற பொம்மையைக்கூட. ஊர் பேர் தெரியாத அத்தனை பேருக்கும் சரியான வைத்தியத்தைச் சொல்லிவிட்டு, அதே வாயால் என்னிடம் வேக்ஸ்தான் வழி என்று சொன்னாரே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. தெரியாமல் செய்திருந்தால் வேறு. தெரிந்தே செய்தார். மாஸ்க்கைக் கழற்றி அதிலேயே கண்ணையும் மூக்கையும் துடைத்தேன். பிறகு புதிதாக ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் வாயைத் திறக்கவில்லை. ஞாயிறு வந்தது. அண்ணி துண்டை விரித்தார். நான் வழக்கம்போலப் படுத்தேன். ஜக்கும் வந்தது, அதில் சாய்ந்து போனும் வந்தது. டார்ச்சில் கண் கூசியது.

“இந்தத் தடவ ரொம்பக் கெளம்பிருக்கேடி. ஒம்போது,” என்றார். அந்தக் குரலில் கவலை இருக்கிறதா என்று தேடினேன். எண்ணுகிற கவனம்தான் இருந்தது.

“வேக்ஸ் பண்ணலாமா அண்ணி?”

“பண்ணாம? எல்லாம் சூடா ரெடியா இருக்கு.”

“இல்ல, மேடம் கூடாதுன்னு சொல்றாங்களே.”

“எந்த மேடம்?”

நான் என் போனை எடுத்து நெஞ்சின் மேல் வைத்து ஓடவிட்டேன். அவருடைய கணீர்க் குரல் அறை முழுக்கக் கேட்டது. மொதல்ல முடி எடுக்கறத நிறுத்துங்க. அண்ணி கையில் மெழுகு தோய்ந்த குச்சியோடு குத்துக்கல்லாட்டம் நின்றார். மெழுகு சொட்டித் துண்டில் விழுந்தது. முழுவதையும் ஓடவிட்டேன். ஒரு வார்த்தை விடவில்லை.

“மூஞ்சி தெரியலயேடி,” என்றார் கடைசியில்.

“மூஞ்சியப் பத்தியா கேட்டேன்?”

“அது… நான் ஒண்ணு ரெண்டு தடவதான் பண்ணலாம்னு நெனச்சேன்.”

“சரியான வைத்தியம் உங்களுக்கு மொத நாளே தெரியும். தெரிஞ்சுக்கிட்டே எனக்கு மெழுகு தடவினீங்க. ஏன் அண்ணி?”

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அழத் தொடங்கினார். அழுகை நிஜம்தான். எனக்கு அவர் அழுகையில் எது நிஜம் எது நடிப்பு என்று தெரியும். “உனக்கென்ன, வெளிய போற, நாலு பேர பாக்கற. எனக்கு இந்த நாலு சொவரு. பார்லர்ல என்ன எல்லாரும் மேடம்னு கூப்பிடுவாங்க. இங்க என்ன யாரு கூப்பிடறா? சோறு ஆச்சா, துணி காஞ்சுதான்னு கேக்கத்தான் கூப்பிடறாங்க. மொத வீடியோ போட்டப்ப ஒரே நாள்ல அத்தன பேரு வந்தாங்கடி. அடுத்து தலமுடி பத்திப் போட்டேன், ஒரு ஈ காக்கா இல்ல. உன் தாடையப் பாக்கத்தான் வராங்க. ஆறிட்டா அவங்க போயிடுவாங்க.”

சொல்லிவிட்டுத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். வந்த வார்த்தை வந்ததுதான்.

“நான் அந்த நாற்காலிக்கு எப்படி ஆசப்பட்டேன்னு உங்களுக்குத் தெரியும். உங்ககிட்ட மட்டுந்தான் சொன்னேன்.”

“தெரியும்.”

“தெரிஞ்சும் பண்ணினீங்க.”

துண்டில் சொட்டிய மெழுகை நகத்தால் சுரண்டினார். அதற்குள் அண்ணன் குழந்தையோடு உள்ளே வந்துவிட்டான். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான். “அட, இதுக்கா இவ்வளவு? வீடியோவ எடுத்துடுன்னா எடுத்துடப் போறா. வீட்டுக்குள்ள இருக்கறத ஏன் ஊதிப் பெருசாக்கறே?” என்று பூசி மெழுகப் பார்த்தான். அவன் அப்போதுதான் முதல்முறையாக என் தாடையைச் சரியாகப் பார்த்தான். பார்த்துவிட்டுப் பார்வையைச் சட்டென்று வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். எட்டு வருஷம் நான் மறைத்தது அந்த ஒரு திருப்பலுக்காகத்தான்.

மறுநாளே பெட்டியைக் கட்டினேன். மருத்துவமனைக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளிப் பெண்கள் விடுதி ஒன்று இருக்கிறது. ஓர் அறைக்கு மூன்று கட்டில், தளத்துக்கு ஒரு குளியலறை. கட்டிலுக்கு அடியில் என் பெட்டி, பெட்டி மேல் ஒரு மின்சாரக் கெட்டில், ஒரு டப்பாவில் ஆறு மெல்லிய கைக்குட்டைகள், கொதிநீரில் போட்டு எடுத்த சின்னக் கத்தரி.

வைத்தியம் எங்கே போய்க் கற்றுக்கொண்டேன் என்று கேட்காதீர்கள். வேறு எங்கே? அண்ணியின் வீடியோதான். காலையில் மற்ற இருவரும் எழுவதற்கு முன்னால் கெட்டிலில் தண்ணீரைச் சுட வைத்து, வெதுவெதுப்பாக ஆறவிட்டு, துணியை நனைத்துப் பத்து நிமிஷம். பிறகு வட்டமாக, அழுத்தாமல். மாலையிலும் அதே. பிடுங்கவில்லை, நோண்டவில்லை. கை பரபரக்கும்போதெல்லாம் கையை உட்காருகிற இடத்துக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்தேன். மாஸ்க்கை ஒரு நாளைக்கு மூன்று முறை மாற்றினேன், ஈரமே தங்கக்கூடாது என்று. ஒரு வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் வாரம் சிவப்பு மங்கியது. மூன்றாம் வாரம் உள்ளே சுருண்டு கிடந்த முடி ஒன்று தானாகத் தலையை வெளியே நீட்டியது. நான் விடுதிக் குளியலறையில், கதவைத் தட்டுகிறவளைக்கூடக் கவனிக்காமல், அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு கத்தரியால் மேலாப்பில் வெட்டினேன்.

ஒவ்வொரு நாளும் இரண்டு வேளை அந்தக் குரல் காதில் ஓடியது. என் தாடையைக் கெடுத்தவர் சொல்லித்தான் எனக்குக் குணமானது. வயிறு எரிந்தது. எரிந்துகொண்டே வட்டமாகத் தேய்த்தேன்.

ஐந்தாம் வாரக் கடைசியில் தாடையில் அங்கங்கே பழுப்பாகச் சில புள்ளிகள் மட்டும் மீதி. முடி இருந்தது, அரிசி நுனி அளவுக்கு. கிட்டத்தில் வந்து பார்த்தால் தெரியும். தெரியட்டும். ஒன்றாம் தேதி காலை மாஸ்க் இல்லாமல் உள்ளே போனேன். டாக்டரம்மா ஏற இறங்கப் பார்த்தார். “இதுக்குத்தான் இத்தன நாளும் ஓடி ஒளிஞ்சியா? லூசு! எனக்கு மீசையே இருக்கு,” என்று உதட்டுக்கு மேலே விரலை வைத்துக் காட்டினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். அன்று மதியம் நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை, பதினோரு மணி இருக்கும், கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அண்ணி வந்தார். இளைத்திருந்தார். கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றவர் கண் நேராக என் தாடைக்குத்தான் போனது.

“ஆறிடுச்சுடி!”

அவர் கண் கலங்கியது. அது நடிப்பில்லை, சொன்னேனே, எனக்குத் தெரியும். ஒரு கணம் எழுந்து அந்தத் தோளில் விழுந்துவிடலாமா என்றுகூட இருந்தது. அம்மா போன பிறகு நான் அழுததெல்லாம் அந்தத் தோளில்தான். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தும்விட்டேன்.

“எல்லாரும் உன்னத்தான் கேக்கறாங்க,” என்றார். “அந்தப் பொண்ணுக்கு இப்ப எப்படி இருக்கு, ஆறின படத்தப் போடுங்க மேடம்னு தெனமும் கேக்கறாங்க. போடலன்னா பொய் சொல்றேன்னு சொல்றாங்க. ஒண்ணே ஒண்ணுடி. தாடை மட்டும். இதான் கடைசி.” குரலைத் தாழ்த்தினார். “நீயே சொல்லு, என் வைத்தியத்துலதானே ஆறுச்சு?”

ஆமாம், அவர் வைத்தியம்தான். அந்த வீடியோக்கள் ஏழும் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இதற்குள் கைப்பையிலிருந்து போன் வெளியே வந்துவிட்டது. பழக்க தோஷம், டார்ச்சையும் போட்டுவிட்டார். வெளிச்சம் நேராக என் தாடையில் விழுந்தது.

நான் உட்கார்ந்தேன். மேசை இழுப்பறையைத் திறந்து, உள்ளே இருந்த பெட்டியிலிருந்து புதிய மாஸ்க் ஒன்றை எடுத்தேன். ஒரு காதில் மாட்டினேன். மற்றக் காதில் மாட்டினேன். மூக்குவரை இழுத்து, கீழே தாடையை முழுக்க மூடுகிற மாதிரி சரிசெய்துகொண்டேன்.

“சொல்லுங்க மேடம்,” என்றேன். “அப்பாயின்ட்மென்ட் இருக்கா?”

அண்ணி போனை இறக்கவில்லை. டார்ச் மாஸ்க்கின் மேல் எரிந்துகொண்டிருந்தது.

“பின்னால ஆளு நிக்கறாங்க மேடம்,” என்றேன்.

அவர் போன பிறகு மாஸ்க்கைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, அடுத்தவரைப் பார்த்துச் சிரித்தேன்.